பெட்ரோல் காரை பேட்டரி காராக்கிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நம் ரிமோட் கார் ஓடுகிறது. சத்தமே இல்லாமல் ஓடுகிறது என்று எழுத ஆசைதான், ஆனால் கியர் கீச்சிடும் சத்தமும் டயர் மண்ணை வாரி இறைக்கும் சத்தமும் இருக்கத்தான் செய்கின்றன. பழைய இரைச்சலோடு பார்த்தால் அது ஒரு கணக்கே இல்லை.

மைதானத்தில் பார்ப்பவர்கள் "நீங்களே பண்ணதா சார்?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நகர மனசு வரவில்லை. அதில் எத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவதுதான் சரி. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: இது ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார், எச்.பி.ஐ. பாஹா வகை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 26 சிசி இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலக்க வேண்டும். அந்தப் புகை பெங்களூரு அல்சூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அந்த என்ஜினை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் போட்டோம்.

பாய், முதல் நன்றி உங்களுக்கு. சிவாஜிநகரில் ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி என்று பழைய பைக்குகளின் இரண்டு ஸ்ட்ரோக் புகையிலேயே ஊறியவர் நீங்கள். இந்தக் குட்டி என்ஜினின் கார்புரேட்டரில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் காதால் கேட்டே திருப்பி சரி பண்ணுவீர்கள். மாற்றப் போகிறேன் என்றதும் "மோட்டார் போட்டா அது மிக்ஸி சார், வண்டி இல்ல" என்றீர்கள். இன்றைக்கும் அதே கருத்துதான் உங்களுக்கு என்று தெரியும். ஆனாலும் என்ஜினை நீங்கள்தான் கழற்றினீர்கள். கிளட்ச் பெல்லையும் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தையும் பிரித்து வைத்து, பின்பக்கத்துப் பெரிய கியரின் நடுப்புள்ளியிலிருந்து என்ஜின் ஷாஃப்ட் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று வெர்னியரில் அளந்து, ஒரு பேரிங் டப்பா அட்டையில் எழுதிக் கொடுத்தீர்கள். அந்த அட்டை இல்லாமல் அடுத்த வேலை எதுவும் தொடங்கியிருக்காது. பிடிக்காத வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்து கொடுக்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த அட்டை போன இடம், பட்டறைகள் நிறைந்த பீன்யா. லேத் அண்ணே, நான் கொண்டு வந்த படத்தில் மோட்டாரை மாட்ட நான்கு துளைகள் இருந்தன. நீங்கள் அதைப் பார்த்ததும் "எத்தனை பல்லு பினியன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். அங்கேதான் முழு சூட்சுமமும் இருந்தது. மோட்டார் 800 கே.வி., அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 800 சுற்று. நான்கு செல் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 33.6 வோல்ட். லோடு இல்லாமல் கிட்டத்தட்ட 27,000 சுற்று வருகிறது. பெட்ரோல் என்ஜின் இவ்வளவெல்லாம் சுற்றாது. பழைய பினியனையே போட்டால் வேகம் கட்டுக்கடங்காது, மோட்டாரும் கொதிக்கும். பினியனைச் சிறியதாக்க வேண்டும், அப்படியானால் மோட்டாரைப் பெரிய கியர் பக்கம் நகர்த்த வேண்டும். ஓட்டிப் பார்த்துத்தானே எத்தனை பல் என்று தெரியும்? அதனால் துளைக்குப் பதிலாக, மோட்டாரை நகர்த்தி மாட்டும்படி நீளவாட்டில் ஸ்லாட் போட்டுக் கொடுத்தீர்கள். 8 மி.மீ. அலுமினியத் தகடு, ஓரமெல்லாம் கை வெட்டாதபடி ராவி வைத்திருந்தது.

அதோடு விட்டீர்களா? மோட்டார் நீளமாக இருக்கிறது, முன்பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி குதித்து விழும்போது தகடே வளையும் என்று, கேட்காமலே பின்பக்கம் ஒரு தாங்கியும் செய்தீர்கள். அப்புறம் அந்தப் பேப்பர் வித்தை. தினத்தந்தி ஓரத்தைக் கிழித்து இரண்டு கியருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை அழுத்திப் பிடித்து போல்ட்டை முடுக்கி, கியரைச் சுற்றிப் பேப்பரை வெளியே எடுத்தீர்கள். பல் தடம் மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது, ஆனால் எங்கும் கிழியவில்லை. "இதான் சார் கேப்பு" என்றீர்கள். பினியன் மாற்றும்போதெல்லாம் இப்போது நானும் அதையே செய்கிறேன். காசு கொடுத்தபோது தகட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். தாங்கிக்குத்தான் இந்த மடல்.

எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரே, பேட்டரியை இணைக்க சாதாரண கனெக்டர் கேட்டு வந்தவனிடம் அதை விற்றுவிட்டு உங்கள் வேலையைப் பார்த்திருக்கலாம். "எட்டு செல்லா? அப்ப இது வேணாம்" என்று திருப்பி உள்ளே வைத்தீர்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு கன்ட்ரோலருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும், பேட்டரியைச் செருகிய நொடியில் அவை மொத்தமாக மின்சாரத்தை இழுக்கும், பட்டென்று பொறி பறந்து கனெக்டர் முனை கருகும் என்று சொல்லி, உள்ளேயே ரெசிஸ்டர் வைத்த எக்ஸ்.டி. 90 எஸ் கனெக்டரை எடுத்துக் கொடுத்தீர்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்தது எனக்குத்தான் தெரியும்.

மாமா, உங்களைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் எக்ஸ்சேஞ்சுக்கு ஈயம் வைத்தே ஓய்வு பெற்றவர் நீங்கள். பென்சில் தடிமன் சிலிகான் வயர், என்னிடமிருந்ததோ 25 வாட் அயர்ன். வைத்ததும் வயர் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், ஈயம் கஞ்சியாக நிற்கும். பரணிலிருந்து உங்கள் 100 வாட் அயர்னை இறக்கினீர்கள். மரக்கட்டையில் துளை போட்டு புல்லட் கனெக்டரை அதில் நிறுத்தி, குழிக்குள் ஈயத்தை உருக்கி, ஏற்கெனவே ஈயம் பூசி வைத்த வயர் முனையை மெதுவாக இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எண்பதை நெருங்கும் கை, துளி நடுக்கம் இல்லை. ஈயம் இறுகி பளபளத்தபோது சொன்னீர்கள்: "மங்கலா இருந்தா அது ஒட்டல, ஒட்டின மாதிரி நடிக்குதுடா." 100 ஆம்பியர் ஓடினாலே 4 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த மூட்டுகளில் நடிப்புக்கு இடமில்லை. ஓட்டி முடித்ததும் தொட்டுப் பார்க்கிறேன், சூடே ஏறுவதில்லை.

கன்ட்ரோலரை செட் பண்ணிக் கொடுத்த காலேஜ் தம்பிக்கும் நன்றி. மோட்டார் தலைகீழாகச் சுற்றியபோது நான் கையேட்டைத் தேட, நீ மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டை மாற்றிச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய். கிளட்ச் இல்லாத வண்டியில் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுப்பையும் கியர் மேல் போடும், பல் உதிரும் என்று சொல்லி, கிளம்பும்போது வரும் உதையை, அதாவது பஞ்ச்சைக் குறைத்து வைத்தது நீதான். கூட்டச் சொல்லி நான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீ மறுத்துக்கொண்டே இரு.

அம்மாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் சிரிப்பாள். தீப்பிடிக்கக்கூடிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடுவதா என்று சண்டை போட்டவள், அப்புறம் அவளே பழைய மண்சட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பேட்டரி அதற்குள், சட்டி மாடியில், பக்கத்தில் ஒரு வாளி மணல். ஆள் இல்லாமல் சார்ஜ் போடுவதில்லை என்பது அவள் போட்ட சட்டம்.

கீழ் வீட்டு அக்கா, புகையையும் சத்தத்தையும் அத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி மட்டும் போதாது, மன்னிப்பும் கேட்கிறேன். உங்கள் பையனுக்கு ரிமோட் உண்டு, ஆனால் பாதி வேகத்தில்தான்.

கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு டேங்க் பெட்ரோலில் அரை மணிக்கு மேல் ஓட்டுவேன், இப்போது கால் மணியில் பேட்டரி முடிந்துவிடுகிறது. நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்பவர்கள் பெட்ரோலிலேயே இருக்கலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும் என்பவர்கள் தகட்டின் அளவுகளை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், லேத் அண்ணன் தாராளமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

என்ஜின் பாயிடமே இருக்கிறது, அது அவருக்குத்தான். டேங்க், சைலன்சர் பைப், த்ராட்டில் சர்வோ, பிரேக் டிஸ்க் எல்லாம் என்னிடம் சும்மா கிடக்கின்றன. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருப்பேன். மழை பெய்தால் வர மாட்டேன், கன்ட்ரோலர் நனையக் கூடாது.

அன்புடன்,
அல்சூரிலிருந்து உங்கள் நண்பன்