ஏமி அம்மையார் கதையில் விடுபட்ட பாதி

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

தேவனை முழுவதுமாக நம்பி முறுமுறுக்காமல் ஊழியம் செய்வதைப் பற்றிச் சென்ற மாத இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லாரும் வாசித்தோம். நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அதில் உதாரணம் காட்டியிருந்தீர்கள். அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். ஆனால் அவர் கதையில் பாதியோடு கட்டுரை நின்றுவிட்டது. மீதியையும் சொல்லாவிட்டால் ஏழை ஊழியர்களின் வாயை அடைக்கத்தான் அது பயன்படும் என்று பயந்து இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் இருந்தது எல்லாம் உண்மைதான். 1895ல் இந்தியாவுக்கு வந்த அம்மையார், 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் கண்ணை மூடும்வரை ஒருமுறைகூடத் தன் சொந்த நாடான அயர்லாந்துக்குத் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த இல்லத்துக்கு, பணம் தாருங்கள் என்று மனிதரிடம் கேட்பதில்லை என்று தீர்மானம் வைத்திருந்தார். தேவையைத் தேவனிடம் மட்டும் சொன்னார். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் வைத்திய வேலைக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. பிள்ளைகளுக்கு உதவத் தன்னைத் தகுதியாக்க என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று அன்று காலையில்தான் ஜெபித்திருந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் ஓர் அறைக்குள் வலியோடு வாழ்ந்தார். கசந்துபோகவில்லை. படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். இதை நினைக்கும்போதெல்லாம் என் விசுவாசம் எவ்வளவு சிறியது என்று தெரிகிறது.

சரி, விடுபட்டதற்கு வருகிறேன். 1901ல் கோயிலுக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். சிறு பெண்குழந்தைகளைப் பொட்டுக்கட்டி, அதாவது தேவதாசிகளாகக் கோயிலுக்கு விடும் வழக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராக விசாரித்தார், சாட்சியங்களைச் சேர்த்தார். இங்கு உள்ளதை உள்ளபடி எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி, படிப்பவர்களுக்கு உற்சாகம் தருவதாக இல்லை என்று திரும்பி வந்தது. நல்ல செய்திகளாகச் சேர்த்து எழுதும்படி அங்கிருந்த கமிட்டியார் சொன்னார்கள். அவர் மாற்றி எழுதவில்லை. 1903ல் அது புத்தகமாக வெளிவந்தது. தன்னிடம் அடைக்கலம் வந்த ஒரு சிறுமிக்காக நீதிமன்றம் வரைக்கும் போய் 1911ல் தோற்றார். வழக்குச் செலவையும் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனாலும் பிள்ளைகளை மீட்பதை அவர் நிறுத்தவில்லை. முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் சட்டசபையில் போராடி, 1947ல் சென்னை மாகாணத்தில் அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது அம்மையார் படுக்கையில் இருந்தார்.

தன் முறிந்த காலுக்காக முறுமுறுக்காதவர், பிள்ளைகளுக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி ஒருநாளும் சும்மா இருக்கவில்லை. தேவனை முழுவதுமாக நம்பினதால்தான் கமிட்டிக்கும் கோர்ட்டுக்கும் அவர் பயப்படவில்லை என்று நான் நினைக்கிறேன்.

கட்டுரை எடுத்தாண்ட வசனத்தையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 'எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும் செய்யுங்கள்' என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினார். அதே பிலிப்பி பட்டணத்தில் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினவர் அவர். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது போனாரா? விசாரணை இல்லாமல் வெளியரங்கமாய் அடித்தீர்களே, நீங்களே வந்து வெளியே அழைத்துவிடுங்கள் என்றார். அதிகாரிகள் வந்து கெஞ்சி அழைத்துப்போனார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் தங்கள் விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று கிரேக்கர் முறுமுறுத்தபோதும், பொறுமையாயிருங்கள் என்று அவர்களுக்குப் பிரசங்கம் நடக்கவில்லை. ஏழு பேரை நியமித்துப் பந்தியை ஒழுங்குபடுத்தினார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் அப்பா கிராமத்து உபதேசியார். மாதக்கணக்கில் சம்பளம் வராத காலங்கள் எங்கள் வீட்டில் சாதாரணம். அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கடன் வாங்கி உலை வைப்பார்கள். அப்பா யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. குடும்ப ஜெபத்தில் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் விடியுமுன் அடுத்த ஊருக்கு நடந்து போவார். அவருடைய விசுவாசம் உண்மையானது. நான் இன்று சபையில் நிற்பது அதனால்தான். ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியவர்களே எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஊழியக்காரன் முறுமுறுக்கக்கூடாது என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். அப்பாவின் நம்பிக்கை தேவனுக்குச் செலுத்திய காணிக்கை. அதைத் தங்கள் கடனில் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

இன்றும் கிராமத் திருச்சபைகளில் ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கிறவருக்கும் வீடு வீடாகப் போய் ஜெபிக்கும் வேதாகமப் பெண்ணுக்கும் எவ்வளவு கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம் என்று கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். அசன விருந்துக்கும் கோபுர வேலைக்கும் வசூல் தாமதமாவதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஊழியர்களுக்கு முறுமுறுக்காதிருக்கச் சொல்லிக் கட்டுரை போட்டதுபோல, பணத்தைக் கையில் வைத்திருக்கும் சபைக் கமிட்டியாருக்கும் ஒரு கட்டுரை போடுங்கள். 'கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது' என்ற லேவியராகமம் 19:13ஐ ஆதார வசனமாக வைக்கலாம். முடிந்தால் திருநாள் வசூல் தொடங்குவதற்கு முந்தின இதழிலேயே அது வரட்டும்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள்,
ஓர் உபதேசியார் மகள்,
திருநெல்வேலி மாவட்டம்