அந்த மூலைய மட்டும் பெருக்காம விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரிட்டயர் ஆனதும் சுகருக்கு நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார், அதனால தென்சென்னைல எங்க வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்கு நாலு வருஷமா தினமும் காலைல போறேன். முதல் ரெண்டு வருஷம் யார்கிட்டயும் பேசினதே இல்ல. எல்லாரையும் மூஞ்சி தெரியும், பேர் தெரியாது, நானா ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேர் வச்சிருந்தேன். மஞ்சக்குல்லா சார், ஃப்ளாஸ்க் மாமி, போன்ல சுப்ரபாதத்த தெருவுக்கே கேக்க வைக்கற ஒருத்தர் (இயர்போன் வாங்கிக் குடுத்துடலாமான்னு பல நாள் தோணிருக்கு), அப்பறம் ஷட்டில் ஆடற பசங்க. எதிர்ல வந்தா ஒரு தலையாட்டல், அவ்ளோதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர்ல ஒரு நாள், ராத்திரி பெஞ்ச மழைல தரையெல்லாம் சொதசொதன்னு இருந்துச்சு, பின்கேட்டு ஓரமா புங்க மரத்தடில ஒரே காக்கா சத்தம். எட்டிப் பாத்தா செடிக்கு அடியில மைனாவ விட சின்னதா ஒரு பறவை பதுங்கிட்டு இருக்கு. முதுகு பச்சை, வயிறு சந்தனக் கலர், வாலுக்கடியில நல்ல செவப்பு, கண்ணுல அப்பின மை மாதிரி கறுப்புப் பட்டை. பக்கத்துல வந்து நின்ன ஷட்டில் பையன், "ஆன்ட்டி, யார் வீட்டுக் கிளியோ கூண்டுலேந்து தப்பிச்சிருச்சு"ன்னான். கிளிக்கு வால் நீளமா இருக்குமேடா, இதுக்கு வாலே காணோமேன்னேன். பின்னாடிலேந்து மஞ்சக்குல்லா சார் மெதுவா, "ஆறுமணிக்குருவிம்மா அது, சத்தம் போடாதீங்க"ன்னார். ரெண்டு வருஷத்துல அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. அதுக்குள்ள ஃப்ளாஸ்க் மாமி குடையோட காக்காவ விரட்டக் கெளம்பிட்டாங்க.

சார் அப்பறம் பெஞ்சுல உக்காந்து சொன்னார். வடக்க இமயமலை அடிவாரம், மத்திய இந்தியாப் பக்கமெல்லாம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துக்கு தமிழ்நாடு, இலங்கை வரைக்கும் வர்ற பறவையாம், ராத்திரிலதான் பறக்குமாம், விடியக்காலைல களைச்சுப்போய் எறங்கும்போது கண்ணாடி ஜன்னல்ல மோதி விழறதும் உண்டு, காக்கா கொத்தறதும் உண்டு. காலைலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல விசில் அடிக்கறதால அந்தப் பேர். தோட்டக்கள்ளன்னும் சொல்றாங்க.

எங்களுக்குப் பிடிச்சது அது சாப்பிடற அழகுதான். அலகால ஒரு சருகப் புரட்டும், நிக்கும், ரெண்டு தத்து தத்தும், அந்தக் கட்டை வால மேலயும் கீழயும் ஆட்டிட்டு இன்னொரு சருக தூக்கும். ஒரு நாள் மண்புழுவ இழுத்துச்சு பாருங்க, ரப்பர் பேண்டு மாதிரி நீண்டுக்கிட்டே வந்து டக்குனு விட்டுச்சு, குருவி பின்னாடி உக்காந்துருச்சு. நாங்க நாலு பேரும் வாயப் பொத்திட்டு சிரிச்சோம்.

மார்ச் வரைக்கும் அங்கயே இருந்துச்சு. "இன்னிக்குப் பாத்தீங்களா"ன்னு கேட்டே எல்லாரும் பழகிட்டோம். செம்பு தட்டற மாதிரி டொக் டொக்னு கேக்கறது குக்குறுவான்ங்கற பறவைன்னு தெரிஞ்சுது, பாதாம் மரப் பொந்துல புள்ளி ஆந்தை ஜோடியா இருக்கறது தெரிஞ்சுது, அணிலுங்க திடீர்னு கத்தினா மேல வல்லூறு இருக்கும்னு இப்ப சுப்ரபாதக்காரர் கூட சொல்றார் (சவுண்ட அவரே கொறச்சுட்டார்). 2015லேந்து நடக்கற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல நாங்களும் சேந்தோம். ஒரே எடத்துல 15 நிமிஷம் பாத்து எண்ணி, பறவைக் கணக்கப் பதியற இபேர்ட் வெப்சைட்ல ஏத்தினா போதும். காக்காவ எத்தன எண்ணினோம்னு மாமிக்கும் சாருக்கும் நடந்த சண்டை தனிக் கதை.

இப்ப விஷயத்துக்கு வரேன். போன வருஷம் அந்த மூலைய "க்ளீன்" பண்றோம்னு செடிகளையெல்லாம் வெட்டிட்டாங்க, ப்ளோயர் மெஷின் வச்சு ஒரு சருகு விடாம ஊதித் தள்ளி மூட்டை கட்டறாங்க. இந்த அக்டோபர்ல குருவி வந்துச்சு, வெறும் மண்ணுல ரெண்டு நாள் சுத்திச்சு, அப்பறம் காணோம். சருக வாரினதாலதான் போச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா அதோட சாப்பாடு பூரா சருகுக்கடியிலதான இருக்கு, அத வாரிட்டா அதுக்கு அங்க என்ன வேலை?

கேட்டா கொசு வரும்ங்கறாங்க. கொசு தேங்கின தண்ணிலதான முட்டை போடும். அதே மூலைல மழைத்தண்ணி ரொம்பிக் கெடக்கற டீ கப்பையும் எளநி மட்டையையும் யாரும் எடுக்கல, அது மெஷின்ல ஊதினா நகராதுல்ல. பாம்பு வரும்னு ஒருத்தர் பயந்தார், அது நியாயமான பயம்தான், நடைபாதை ஓரத்துல நல்லா பெருக்கட்டும். நாங்க கேக்கறது பின்கேட்டு பக்கம் அரை கிரவுண்டு எடம், அக்டோபர்லேந்து மார்ச் வரைக்கும் பெருக்காம, வெட்டாம விடணும், கப்பையும் மட்டையையும் நாங்களே பொறுக்கிடறோம். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு மனு குடுத்து ஒரு மாசம் ஆச்சு, பதில் இல்ல, அதான் உங்களுக்கு எழுதறேன்.

லெட்டர போட்டா பூங்கா எங்க இருக்குன்னு மட்டும் தயவுசெஞ்சு கேட்டுப் போட்றாதீங்க. பீரங்கி சைஸ் கேமராவோட கூட்டம் வந்துரும், அப்பறம் புள்ளி ஆந்தையும் பொந்த காலி பண்ணிரும்.

இப்படிக்கு,
தினமும் வாக்கிங் போற ஒரு வாசகி, சென்னை