நோவுக்கு மருந்து கேட்கிறவனைச் சந்தேகத்தோடு பார்க்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரிவாட்கல நோய் என்று ஒன்று இருப்பது வன்னியில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் அது ஆபிரிக்க நாட்டவருக்கு வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீலகிரி மலைவாழ் மக்களிடம் அது 1952இலேயே கண்டறியப்பட்டது, இன்று இந்தியாவில் இலட்சக்கணக்கானவர்கள் அதோடு வாழ்கிறார்கள். எங்கள் நாட்டில் தொகை குறைவுதான். அந்தக் கொஞ்சப் பேரிலும் பலருக்குப் பெற்றோர் ஒருவரிடமிருந்து அரிவாட்கல மரபணுவும் மற்றவரிடமிருந்து இன்னொரு பரம்பரை இரத்த நோயான தலசீமியாவின் மரபணுவும் சேர்ந்து வந்திருக்கும். என் அக்காவின் மகனுக்கு அப்படித்தான்.

இந்த நோயில் சிவப்பணுக்கள், ஒக்சிசன் குறைகிற நேரம், அரிவாள் வடிவத்துக்கு வளைந்து விறைத்து, வாய்க்காலைச் சல்வீனியா அடைப்பதுபோல் சின்ன இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அடைப்புக்கு அப்பால் இருக்கிற எலும்புக்கும் தசைக்கும் இரத்தம் போகாது, அந்த இடத்தில் நோவு தொடங்கும். மார்கழி விடியலில் கிணற்றடியில் தலைக்கு வார்த்தால் வரும், சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்றால் வரும், காய்ச்சலோடு சேர்ந்து வரும், சில வேளை ஒரு காரணமும் இல்லாமல் வரும். எப்படி நோகிறது என்று கேட்டால் அவன் பதில் சொல்லமாட்டான். துவாயின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருப்பான். அவன் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டில் சட்டம் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும். கண் மஞ்சளானால் ஊரில் செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், ஆனால் அது இரத்த அணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால் வருகிற மஞ்சள்.

இனி வைத்தியசாலைக்கு வருகிறேன். ஒருமுறை இரவில் அவனைக் கொண்டுபோனோம். எந்த வைத்தியசாலை என்று எழுதப்போவதில்லை, அங்கேயும் நல்லவர்கள் வேலை செய்கிறார்கள். பனடோலுக்கு இது அடங்காது, முந்தி மோர்பின் போட்டுத்தான் குறைந்தது என்று அவனே சொன்னான், அவ்வளவுதான். ஒரு இளம் பெடியன் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இன்றைக்கு வடக்கில் என்ன நினைப்பார்கள் என்பது உங்கள் பத்திரிகையில் ஐஸ், ஹெரோயின் போதைப்பொருள் செய்திகளை வாசிக்கிற எல்லோருக்கும் விளங்கும். கையைத் திருப்பி ஊசித் தழும்பு பார்த்தார்கள். தழும்பு இருந்தது, சின்ன வயதிலிருந்து இரத்தம் ஏற்றிய கையில் தழும்பு இல்லாமல் இருக்குமா? பிறகு வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்க, போன் பார்க்கிறவனுக்கு என்ன நோ என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனார், அதை அக்காவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

வருடக்கணக்காக நோவோடு வாழ்கிறவர்கள் எல்லா நேரமும் கத்த மாட்டார்கள். போன் பார்ப்பார்கள், கதைப்பார்கள், களைத்துப்போய் நித்திரையும் ஆகிவிடுவார்கள். மனதை வேறு பக்கம் திருப்ப அவர்கள் பழகிக்கொண்ட வழி அது. இந்த நோவைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது, நோயாளி சொல்வதைத்தான் நம்பவேண்டும். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டலில், நோயாளி வந்து 30 நிமிடத்துக்குள் முதல் நோ மருந்து கொடுக்க வேண்டும், நோ அடங்கும்வரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், பெத்திடீன் என்கிற நோ மருந்தைக் கொடுக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அமெரிக்கக் குருதியியல் சங்கம் 2020இல் ஒரு மணித்தியாலத்துக்குள் என்றது. மோர்பின் கவனமில்லாமல் கொடுக்கிற மருந்து இல்லை, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. கவனமாகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம், கொடுக்காமல் வாங்கில் இருத்தி வைப்பது கவனம் ஆகாது.

இதற்குத்தான் நோவு தணிப்புப் பராமரிப்பு வேண்டும் என்கிறேன். பலியேட்டிவ் கெயார் என்று நான் வாயெடுத்ததுமே, பிள்ளையைக் கைவிட்டுவிட்டார்களா என்று அக்கா அழத் தொடங்கிவிட்டார். அக்காவைக் குறை சொல்ல முடியாது, எங்கள் பக்கம் அது கடைசி நாட்களில் புற்றுநோய்க்காரருக்குச் செய்வது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனமோ, உயிராபத்தான நோய் எதுவானாலும் ஆரம்பத்திலிருந்தே, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்து அதைக் கொடுக்கச் சொல்கிறது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆகவே ஹைட்ரொக்சியூரியா மருந்து தொடரட்டும் (நோவு வருகிற தடவைகளை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று 1995இலேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்), தேவைப்படும்போது இரத்தம் ஏற்றட்டும், தடுப்பூசி போடட்டும். அதோடு கூடவே நோவையும் ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் நோவு அவசரமாக வந்து போவது மட்டும் இல்லை. இடுப்பு மூட்டு எலும்பு இரத்தமில்லாமல் செத்துப்போனால், இருபது வயதிலேயே நொண்டி நொண்டி நடக்க வேண்டி வரும், இரவில் ஒரு பக்கம் சரிந்து படுக்க முடியாது. அந்த நோவுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட முடியாது. சிறுநீரகமும் பழுதாவதால் இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சிறுநீர் போகும், நிறையத் தண்ணீர் குடிக்கவும் வேண்டும், ஆனால் பாடம் நடக்கிறபோது எழுந்து போக விடாத ஆசிரியருக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு, பின்னேரம் நோவோடு வீட்டுக்கு வருகிற பிள்ளையும் உண்டு. பாடசாலைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க, அந்தத் தாயோடு இருந்து கதைக்க, எல்லாம் வெறுத்துப்போய்ப் பேசாமல் கிடக்கிற பெடியனின் மனதைக் கேட்க யாராவது இருக்க வேண்டும். அதெல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பராமரிப்பு.

ஆளில்லை, காசில்லை என்பார்கள். கேரளத்தில் 2008இலேயே அரசு இதற்குக் கொள்கை வகுத்தது, அங்கே பஞ்சாயத்து மட்டத்தில் தாதியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள், ஊர்த் தொண்டர்கள் கூட நிற்கிறார்கள். எங்களிடம் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, வீடு வீடாகப் போகிற குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். எங்கள் சுகாதார அமைச்சும் இந்தப் பராமரிப்புக்கென 2019 முதல் 2023 வரைக்கு ஒரு தேசியத் திட்டச் சட்டகம் வெளியிட்டது, அதை முன்னெடுத்தது தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம். அந்த முயற்சி புற்றுநோய்க்கு வெளியேயும் வரட்டும். அரிவாட்கல நோயாளர் சில பேர்தானே என்று யாரும் சொல்ல வேண்டாம், முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறவர்களும், போரில் பாய்ந்த செல் துண்டை இன்னும் உடம்பில் வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் துடிக்கிறவர்களும் வாழ்கிற மண் இது. நோவு பார்க்கப் படித்த ஒரு தாதி துணுக்காய்க்கும் ஒட்டுசுட்டானுக்கும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் அவர்கள் எல்லோருக்கும்தான் உதவி.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. இந்த நோயாளர் ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் முதல் பக்கத்தில், என்ன நோய், நோவு வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடத்துக்குள் என்று விசேட வைத்திய நிபுணர் கையொப்பத்தோடு ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள், இரவுக் கடமையில் நிற்கிற டொக்டர் எந்த ஊரவராக இருந்தாலும் வாசிக்கட்டும், பெடியன் வாயால் மருந்தின் பெயர் சொல்லிச் சந்தேகத்துக்கு ஆளாக வேண்டி வராது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் மோர்பின் குளிசை புற்றுநோய் இல்லாதவருக்கும் தேவை பார்த்துக் கிடைக்கச் செய்யுங்கள். ஹைட்ரொக்சியூரியா முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று ஒரு கூலித் தொழிலாளியை அனுப்பாதீர்கள்.

இதே நோயோடு பிள்ளை வைத்திருக்கிற குடும்பங்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்ல வேண்டும். கிளினிக் கொப்பியையும் கடைசியாகத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது தந்த அட்டையையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கதவடியில் கொழுவி வையுங்கள். காய்ச்சலோடு நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ வந்தால் நோ மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.