கழுத்தில் ஓர் இலக்கம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்ததையும் அடுத்த கிழமையே அதன் தோலுக்குக் கீழே அடையாளச் சிப் போட்டதையும் எழுதியிருந்தாய். படத்தை அம்மாவிடம் காட்டினேன். "அவங்கட வீட்டு வீரன் மாதிரியே இருக்கு" என்றார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று நீதானே வீரனின் சங்கிலியைக் கழற்றிவிட்டாய்.

நான் ஓய்வு பெற்ற பிறகு காலையில் இங்குள்ள ஒரு நாய்கள் காப்பகத்துக்குப் போய் வருகிறேன். சின்ன இடம். பன்னிரண்டு கூடு, கூட்டுக்கு இரண்டு என்று கணக்கு. இப்போது நாற்பதைத் தாண்டி நிற்கின்றன. இடம் என்றால் சுவரும் கூரையும்தான் என்று முதலில் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை மச்சான். கூடு கழுவ எத்தனை கை இருக்கிறது, எத்தனை நாய்க்குச் சோறு காய்ச்ச முடியும், அதுவும்தான் இடம். ஒரு கூட்டில் நாலை விட்டால் பலமுள்ளது சாப்பிடும், பயந்தது மூலையில் கிடந்து மெலியும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய் வந்துவிட்டால் இன்னும் மோசம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். குட்டி நின்ற கூட்டைப் பிளீச் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். கார்த்திகை மழையில் எது காயும்?

இந்தக் கடிதம் எழுத வைத்தது ஒரு மண்ணிற நாய். டிசம்பர் 31 இரவு வெடிச் சத்தத்தில் எங்கேயோ இருந்து ஓடி வந்திருக்கிறது. இரண்டு நாள் இங்குள்ள அநுராதபுரச் சந்தியில் திரிந்ததை ஒரு தம்பி ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து ஒரு வளையம் தெரிந்தது, பட்டி இல்லை. "இரு" என்றால் இருக்கும். பிஸ்கட்டைக் கையில் இருந்து பறிக்காது, முகர்ந்து பார்த்து உதட்டால் எடுக்கும். படுக்கும்போது எப்போதும் கதவுப் பக்கம்தான் தலை. வீட்டு நாய் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. யார் வீடு என்றுதான் தெரியவில்லை.

ஒன்பது கிழமை இருந்தது. அதற்கிடையில் ஒரு நாள் ஓர் ஐயா மீன் பெட்டிக்குள் ஒரு தாய் நாயையும் ஐந்து குட்டிகளையும் வைத்துச் சைக்கிளில் கொண்டுவந்தார். படலையில் நின்று இடமில்லை என்று சொன்னது நான்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பினார். அந்தப் பெட்டி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

பிறகு பாலையூற்றில் இருந்து ஒரு அக்கா, தொலைந்த நாய்க்குப் பதிலாகக் குட்டி ஒன்று கேட்டு வந்தார். அவர் குரல் கேட்டதும் மண்ணிறத்தான் கம்பியில் பாய்ந்து ஊளையிட்ட சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். அந்த அக்கா அப்படியே தரையில் இருந்துவிட்டார். நாய் தொலைந்த அன்று பின்னேரம் அதைக் குளிப்பாட்டிப் பட்டியைக் கொடியில் காயப் போட்டாராம். பட்டி இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதில் ஒரு சலங்கை மட்டும்தான், இலக்கம் ஒன்றும் இல்லை. சந்திக்கும் அவர் வீட்டுக்கும் நடந்தே போகலாம், மச்சான். அந்த இடத்தில் ஆறு உயிர் இருந்திருக்கலாம்.

2006இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்தியது நல்ல காரியம். நாங்கள் சின்ன வயதில் பார்த்த அந்த வண்டியை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் கருத்தடையும் பதிவும் அதே வேகத்தில் வரவில்லை. நாயைப் பதிய வேண்டும் என்ற சட்டம் இந்த நாட்டில் 1901இலேயே வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டேன், ஒருவரும் பதியவில்லை. விசர்நாய்த் தடுப்பூசி போடுவிக்கிறார்கள், அட்டை அலுமாரிக்குள் போகிறது.

இப்போது கடைத்தெருவில் திறப்பு வெட்டும் தம்பியிடம் சின்னத் தகட்டில் தொலைபேசி இலக்கம் பொறித்து வாங்குகிறேன். காப்பகத்தில் இருந்து எந்த நாய் வீட்டுக்குப் போனாலும் அது கழுத்தில் இருக்கும். எங்கள் ஒழுங்கை நாய்களுக்கும் கட்டிவிட்டேன். பட்டி கழன்றுபோகும் என்பதும் தெரியும். அதனால்தான் உன் சிப்பைப் பற்றி யோசிக்கிறேன். அரிசி மணி அளவில் தோலுக்குக் கீழே கிடப்பது தொலையாது. ஆனால் அதில் இருப்பது 15 இலக்கம் மட்டும்தானே, நாய் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. அந்த 15 இலக்கத்துக்கு நேரே உன் இப்போதைய தொலைபேசி இலக்கம் பதிவில் இருக்கிறதா? வீடு மாறப் போவதாக எழுதியிருந்தாய், மறக்காமல் மாற்றிவிடு.

ஒரு உதவி. ஆடி அமாவாசைக்கு வரும்போது சிப் வாசிக்கும் கருவி ஒன்று வாங்கி வருவாயா? கையில் பிடிக்கிற சின்னது போதும். 15 இலக்கச் சிப்புகளின் அலைவரிசையான 134.2 கிலோஹேர்ட்ஸை வாசிக்குமா என்று கேட்டு வாங்கு, அங்கே பழைய வகைகளும் விற்பார்கள். காசு நீ வந்ததும் தருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
திருமலையில் இருந்து
உன் மச்சான்