விற்ற போர்வையும் விரிதியானாவும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். 'விரிதியானா' என்ற ஸ்பானியப் படத்தைப் பார்த்துவிட்டு, "தர்மம் செய்றவங்களை முட்டாளாக்குற படம்ப்பா" என்று போனில் கொதித்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். தொண்டு வேலையில் இருக்கிற உனக்கு அது சுட்டது நியாயம்தான். 1961இல் வாடிகன் நாளேடும் கொதித்தது. கான் திரைப்பட விழாவில் பெரிய பரிசை மேடையேறி வாங்கிய ஸ்பெயின் அரசு அதிகாரிக்குப் பதவியே போனது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகு, 1977இல்தான் அந்த நாட்டு மக்கள் படத்தைத் தியேட்டரில் பார்த்தார்கள்.

ஆனாலும் படத்தை இயக்கிய லூயிஸ் புனுவல் தர்மத்தைக் கேலி செய்ததாக எனக்குத் தோன்றவில்லையம்மா. கன்னியாஸ்திரி ஆகவிருந்த நாயகி விரிதியானா, பிச்சைக்காரர்களை மாமாவின் பண்ணைக்குக் கூட்டிவந்து சோறும் படுக்கையும் கொடுக்கிறாள். கூடவே வேலையையும் ஜெபத்தையும் அவளே வகுத்துவிடுகிறாள். வாதுமை மரத்தடியில் அவர்கள் முணுமுணுக்கிற ஜெபத்துக்கு நடுவே, அவள் மாமா மகன் வைத்த கூலியாட்கள் மண்ணும் மரமும் சுமப்பது வெட்டி வெட்டி வரும், கவனித்தாயா? அந்தக் காட்சியில்தான் எனக்குப் படம் பிடிபட்டது. உதவி வாங்குகிறவர்கள் நல்லவர்களாகவும் நன்றியுள்ளவர்களாகவும் மாறிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அவர்களோ குஷ்டரோகியை விரட்டுகிறார்கள். வீட்டில் ஆளில்லாதபோது பெரிய வீட்டுக்குள் புகுந்து விருந்து வைத்து, ஹாண்டல் இசையமைத்த அல்லேலூயா என்ற தேவதுதிப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம்போல் மேசையில் வரிசையாக உட்காருவதைத்தான் தெய்வநிந்தனை என்றார்கள். எனக்கு அங்கே தெரிந்தது, பசித்தவன் உத்தமனாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது. பிறகு விரிதியானாவுக்கு நேர்வது கொடுமை. அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

வண்டி அச்சில் கட்டப்பட்டு ஓடிவரும் நாயை அந்த மாமா மகன் காசு கொடுத்து மீட்பானே, அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வண்டி, இன்னொரு நாய். ஒன்றைக் காப்பாற்றி என்ன பயன் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். முதல் நாயின் கயிறு அவிழ்ந்தது பொய்யா? இரண்டாவது வண்டியையும் பார்க்கக் கண் வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீ கொடுத்த போர்வையை அந்தப் பெரியவர் விற்றுவிட்டார் என்று மனம் உடைந்து எழுதியிருந்தாய். இந்த வேலையே வேண்டாமோ என்றும் கேட்டிருந்தாய். வேலையை விடாதே. எதற்காக விற்றார் என்று அவரிடம் கேட்டாயா? மருந்துக்கா, மதுவுக்கா, ஊருக்குப் பணம் அனுப்பவா? எதுவானாலும் கோபப்படாமல் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா