அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சபையாருக்கும், ஊராருக்கும், பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

போன வருஷம் லெந்து என்கிற தவக்காலத்தில் அப்பா பக்கவாதம் வந்து விழுந்தார். இந்த வருஷம் லெந்து தொடங்கும்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து நிற்கிறார். இடையில் எங்கள் வீட்டுப் படியேறியவர்களை எண்ணி முடியாது. ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் நின்று நன்றி சொல்லும்படி அம்மா சொன்னார். எனக்கு அழுகை வந்துவிடும், பாதிப் பேரை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வாசிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் பால்கார அண்ணனுக்கு. அன்று காலை ஆறு மணிக்கு அப்பா கிணற்றடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நினைத்துக் கருப்பட்டித் தண்ணீர் கலக்கப் போனார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததை நீங்கள்தான் பார்த்தீர்கள். "அம்மா, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, எங்க அம்மைக்கும் இப்படித்தான் வந்துச்சு" என்று தடுத்து, 108-க்குப் போன் செய்து, கூடவே ஏறிப் போனீர்கள். பால் கேன்கள் எங்கள் திண்ணையிலேயே இருந்தன. அன்றைய பால் முழுவதும் திரிந்து போனது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்று மருத்துவர் பிறகு சொன்னார். ஸ்கேன் எடுத்து அந்த ஊசி போடும்போது மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பால் காசைக் கொடுக்க அம்மா இரண்டு தடவை வந்தார், நீங்கள் வாங்கவில்லை. வருஷா வருஷம் மாலை போட்டுத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர் நீங்கள். அப்பா குணமாக அங்கேயும் வேண்டிக்கொண்டதாக உங்கள் வீட்டு அக்கா சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன். கண் கலங்கினார்.

வார்டில் இருந்த நர்ஸ் தங்கைக்கு. இரவு டியூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்தும் அரைமணி நேரம் தாழ்த்தக் கூடாது. முதுகில் சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்கவைக்கக் கூடாது. அப்பாவுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை, தங்கச்சி. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு மணி நேரக் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தது. அம்மாவுக்கு வயது 66. எனக்குச் சென்னையில் வேலை, கிடைத்த லீவு இரண்டு வாரம். பெண்கள் ஐக்கிய சங்கத்து அத்தைமார் கூடிப் பேசி, ஞாயிறு தவிர ஆறு நாளும் மதியத்தில் ஆளுக்கொரு நாள் என்று பிரித்துக்கொண்டீர்கள். முதல் நாள் வந்த அத்தை, அம்மா பாய் விரித்துப் பைபிளை எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஜெபம் பொறவு பண்ணிக்கிடலாம் மைனி, நீங்க போயி ஒரு கண்ணு ஒறங்குங்க" என்றார்கள். அப்பாவின் அழுக்குத் துணியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்கள். நானும் கன்வென்ஷன் மேடைகளில் எத்தனையோ சாட்சிகளைக் கேட்டு வளர்ந்தவள். அந்த மதியம் கிணற்றடியில் துணி கும்மிய சத்தத்தைப் போல ஒன்று என் மனதில் தங்கியதில்லை.

ஏர் பெட்டுக்கும் நன்றி. தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பானையில் போட்டுவைக்கிற அரிசி, மாதக் கடைசியில் விற்று ஊழியத்துக்குப் போகிற காசு. அந்த மாதக் காசில் அப்பாவுக்குப் படுக்கை வாங்கத் தீர்மானம் போட்டீர்கள். சங்கத்துக்குள் எத்தனையோ வீட்டில் அந்த ஒரு பிடி அரிசியே ஒரு பிள்ளையின் சோறு என்பது எனக்குத் தெரியும்.

அப்பா ஓய்வுநாள் பள்ளியில் வருஷம் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. நம் பக்கத்து ஊர் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளுக்கு முன் நின்று பேசியது. உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இரண்டு வருஷம் கழித்துத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரானார். சிறுவயதில் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நம்மூர்க்காரர் கப்பலேறிப் போனதுதான். கேட்டது ஏன் நண்பர்களை என்று யோசித்ததில்லை. ஹார்லிக்ஸோடு வந்து பத்து நிமிஷம் இருந்துவிட்டுப் போன எல்லோருக்கும் நன்றி, மனதார. ஆனாலும் புதன்கிழமை அத்தை வந்தால் அப்பாவின் முகம் மலர்வது வேறுமாதிரி இருக்கும்.

இனி எழுதுவது சித்தப்பாவுக்கு. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

அப்பாவுக்கும் உங்களுக்கும் வரப்பில் நிற்கிற ஆறு பனைக்காக எட்டு வருஷமாகக் கோர்ட்டில் வழக்கு. அந்த எட்டு வருஷமும் அப்பா, கோவிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போனதில்லை. அயலாரோடு சமாதானமாய் இருக்கிறவர்கள் வாருங்கள் என்று குருவானவர் அழைக்கும்போது அப்பா பெஞ்சிலேயே தலைகுனிந்து இருப்பார், அம்மா மட்டும் போவார். காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனத்தை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார். உங்கள் வாசலுக்கு வரவும் மனம் வரவில்லை, வராமல் கை நீட்டவும் மனம் வரவில்லை. அப்பாவை இந்த நிலைக்கு ஆக்கியது நீங்கள்தான் என்று நான் சென்னையில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாள் ராத்திரி, டார்ச்லைட்டும் தலையணையுமாக நீங்கள் வந்தீர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள். ஐந்து மாதம். மழை பெய்த இரவுகளிலும். சித்தப்பா, நான் பேசியது தப்பு. நேரில் சொல்லி உங்கள் காலைத் தொட வந்தபோது தடுத்துவிட்டீர்கள். எல்லோருக்கும் முன்னால் பேசியதை எல்லோருக்கும் முன்னால்தானே திருப்பிச் சொல்ல வேண்டும்?

பேச்சு வந்ததும் உங்களால்தான். இரண்டு மாதமாக அப்பா "ம்" மட்டும்தான் சொன்னார். ஒரு நாள் விடியற்காலம் நீங்கள் பாமாலைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே புரட்டியபோது, அப்பா அடுத்த அடியைப் பாடினார். வார்த்தை சுத்தமாக. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கையையும் காலையும் பயிற்றுவித்த பிசியோதெரபி தங்கைதான் விளக்கினாள்: அப்பாவுக்கு அடிபட்டது பேச்சுக்கான இடது மூளை, பாட்டில் வலது மூளைக்கும் பங்கு உண்டு, அதனால் பேச முடியாதவர்கள் சிலர் பாடிவிடுவார்கள். அந்தப் பாட்டு வழியாகவே ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பக் கொண்டுவந்தாள். உனக்கும் நன்றி அம்மா. வெயிலில் தேரி மணலில் ஸ்கூட்டர் சிக்கிய அன்று நடந்தே வந்தாய்.

சேகரகுருவானவருக்கு. வீட்டில் திருவிருந்து கொடுக்க வந்த ஐயா, அப்பா வாயைத் திறக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவசரப்படுத்தவில்லை. சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினோம். தோட்டத்து ஈரக் காலோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால்படியிட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தீர்கள், ஐயா. அடுத்த சபைக்குப் பிந்திப் போனதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம்.

வழக்கை முடித்துக்கொள்ள இரண்டு வக்கீல்களிடமும் சொல்லியாகிவிட்டது. இந்த வருஷப் பதநீர் இரண்டு வீட்டுக்கும் வந்தது.

ஏர் பெட் இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது. மோட்டாருக்குப் புது ஒயர் மாற்றிக் கொடுத்திருக்கிறோம். அடுத்துத் தேவைப்படுகிறவர்கள் சங்கத்தில் சொல்லுங்கள். ராத்திரிக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் வீட்டிலும் சொல்லுங்கள், அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கீழே இருப்பது அப்பாவின் கையெழுத்து. வலது கை இன்னும் எழுதவில்லை. இடது கையால் நாலு நாள் சிலேட்டில் எழுதிப் பார்த்துவிட்டுப் போட்டார்.

உங்கள் வாத்தியார் வீட்டார்