அந்த ஊசியில் மாடும் இல்லை, பன்றியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த இன்சுலின் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது 71, பல வருடமாக இனிப்புநீர். ‘இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது’ என்ற வரியை அவருடைய பேரன் சத்தமாக வாசித்துவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து அவர் ஊசியைத் தொடவில்லை. வியாழக்கிழமை காலை தலைசுற்றலோடு உட்கார்ந்திருந்தவரின் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 19.4 மில்லிமோல், மிக அதிகம். ஏன் பெரியம்மா இப்படி என்று கேட்டேன். “மாட்டை உடம்புக்குள்ள ஏத்திக்கிட்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறச் சொல்றியா தம்பி?” என்றார்.

நான் பினாங்குத் தீவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்தவன். பட்டம் கிடையாது. கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். போகப்போக மாணவர்களுக்கு மரபணுவை வெட்டி ஒட்டச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சொன்னது பொய் அல்ல, பழைய செய்தி. 1922இல் டொரொண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டதிலிருந்து சுமார் அறுபது வருடம் இன்சுலின் விலங்குக் கணையத்திலிருந்துதான் வந்தது. பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் 51 அமினோ அமிலத்தில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், மாட்டுடையதில் மூன்று. 1978இல் கலிபோர்னியாவில் ஜெனென்டெக்காரர்களும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்களும் மனித இன்சுலினுக்கான மரபணுவை வேதிப்பொருளிலிருந்தே கட்டி, பிளாஸ்மிட் என்ற வட்டமான குட்டி டி.என்.ஏ.வில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அனுப்பினார்கள். 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இன்று கிளினிக்கில் கொடுக்கும் மனித இன்சுலின் அப்படி பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வளர்த்து எடுப்பது. ஜொகூரிலேயே அதற்கு ஆலை இருக்கிறது.

இந்த வெட்டி ஒட்டும் வேலையைக் கட்டுரையின் கடைசிப் பத்தி தொட்டது, ஆனால் தலைகீழாக. ‘கட்டுப்பாட்டு நொதி’ என்பது இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் நொதியாம்! அகராதியைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். அது கட்டுப்படுத்துவது வைரஸை. பாக்டீரியாவுக்குள் வைரஸ் தன் டி.என்.ஏ.வைச் செலுத்தினால், பாக்டீரியா அதைத் துண்டுதுண்டாக வெட்டிப்போட வைத்திருக்கும் கத்திரி அது. தன்னுடைய டி.என்.ஏ.வில் ஏற்கெனவே அடையாளம் குத்தி வைத்திருப்பதால் அதை வெட்டாது. ஆய்வுக்கூடத்தில் மரபணுவை வெட்ட நாங்கள் எடுப்பதும் இதையேதான். இந்தக் கத்திரிகளுக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவருக்கும் 1978இல் நோபல் கொடுத்தார்கள்.

எங்கள் ஃப்ரீசரில் அதிகம் தீர்ந்துபோவது ஈகோ ஆர் ஒன் என்ற கத்திரி. டி.என்.ஏ.வில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்து எங்கே வருகிறதோ அங்கே மட்டும் வெட்டும். அந்த ஆறும் ஒரு வகை விகடகவி. எதிர் இழையை எதிர்ப்பக்கமிருந்து படித்தாலும் அதே ஆறெழுத்து. நேராக வெட்டாமல் படிக்கட்டு போல வெட்டுவதால் நான்கு எழுத்து நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நொதியால் வெட்டிய வேறு எந்தத் துண்டைக் கொண்டுவந்தாலும் பொருந்தும். அப்புறம் லைகேஸ் என்ற பசை, 16 டிகிரியில் ஓர் இரவு. இரண்டு முனைக்கும் ஒரே நொதி வேண்டாம், வேறு வேறாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இல்லையென்றால் மரபணு தலைகீழாக உட்காரும், அல்லது பிளாஸ்மிட் தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும்.

டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை மூலம் இன்சுலின் மரபணுவை எடுத்தார்கள் என்று கட்டுரை சொன்னதும் தவறு. கேரி மல்லிஸுக்கு அந்த யோசனை வந்ததே 1983இல். பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு அது வரப்பிரசாதம் ஆனது. 95 டிகிரியில் இழை பிரியும், 55 பக்கம் பிரைமர் என்ற குட்டி டி.என்.ஏ. துண்டு ஒட்டும், 72இல் நகல் வளரும். கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். மெஷின் வருவதற்கு முன் மூன்று தண்ணீர்த் தொட்டி வைத்து, கையில் ஸ்டாப்வாட்சோடு குழாய்களைத் தூக்கித் தூக்கி மாற்றினேன். ஒரு தடவை நடுவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பி, எத்தனையாவது சுற்று என்பதையே மறந்துவிட்டேன்.

பிரைமரின் நுனியிலேயே வெட்டும் ஆறெழுத்தையும் சேர்த்து எழுதிவிடலாம். ஆனால் நுனியோடு நுனியாக வைத்தால் நொதி சரியாக வெட்டாது, பிடிக்க இடம் வேண்டும். ரவிக்கை தைப்பவர் தையலுக்கென்று ஓரத்தில் துணி விடுவது போல நான்கைந்து எழுத்து கூடுதலாக விட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த நானே ஒரு மாணவியின் மூன்று வாரத்தைப் பாழாக்கியிருக்கிறேன். 1,200 எழுத்து நீளத்தில் ஒரு நெல் மரபணு. ஃப்ரீசரில் நிறைய இருக்கிறதே என்று ஹிண்ட் த்ரீ என்ற இன்னொரு கத்திரியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடு, 800இல் ஒன்று, 400இல் ஒன்று. நொதி கெட்டுவிட்டது என்று புதுக்குழாய் வாங்கினோம். அப்போதும் இரண்டு. கடைசியில் கேண்டீனில் தே தாரிக்கோடு உட்கார்ந்து, வரிசைத் தாளைப் பென்சிலால் ஆறாறாகத் தடவிக்கொண்டே வந்தேன். இடையில் ஓரிடத்தில் ஏ-ஏ-ஜி-சி-டி-டி. மரபணுவுக்குள்ளேயே வெட்டு இடம்! நொதி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, முதலிலேயே தாளைப் படிக்காதவன் நான். அந்தப் பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நொதியை மாற்றினோம். ஒட்டியதை ஐஸில் வைத்த பாக்டீரியாவோடு கலந்து, 42 டிகிரியில் முக்கால் நிமிடம், மறுபடி ஐஸ், பிறகு பிளாஸ்மிட் ஏறாததை வளரவிடாத ஆம்பிசிலின் மருந்து கலந்த தட்டு. மறுநாள் காலை தட்டைத் திறந்தால் நீலப் புள்ளி நிறைய, நடுநடுவே வெள்ளை. நீலம் என்றால் வெறும் பிளாஸ்மிட். வெள்ளை என்றால் நீலம் கொடுக்கும் மரபணுவின் நடுவில் நம்முடையது போய் உட்கார்ந்திருக்கிறது. கிருமி போக நீராவியில் வேகவைத்த பல்குச்சியால் பதினொரு வெள்ளையைத் தொட்டு எடுத்தோம். ஏழில் நெல் மரபணு இருந்தது. குளோனிங் என்றதும் உங்கள் ஓவியர் டாலி ஆட்டைப் போட்டிருந்தார். எங்கள் குளோனிங் இந்தப் பல்குச்சிதான்.

பெரியம்மாவிடம் பாதி நாள் பேசி, கிளினிக்குக்கு நானே காரில் கூட்டிப்போனேன். அங்கே நர்ஸ் சொன்ன பிறகு ஊசி போட்டுக்கொண்டார். ஆனாலும் “பேப்பரில் போட்டிருக்கே தம்பி” என்பதை விடவில்லை. நான் வாயால் சொல்வதைவிட அவருக்கு அச்சில் வந்தது பெரிது. அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவருக்குக் கண் மங்கல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு